வாசகர் கேள்வி–பதில்: அறிவுசார் குறைபாடும் வகுப்பறையும்

கேள்வி: என் மாணவன் ஒருவனுக்கு அறிவுசார் குறைபாடு இருப்பதாகவும் அவனது நுண்ணறிவு ஈவு (IQ) 58 என்றும் மதிப்பீட்டு அறிக்கை கூறுகிறது. இதைக் கொண்டு அவனுக்கு எதைக் கற்பிக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று எப்படித் தீர்மானிப்பது? (தொடக்கப் பள்ளி ஆசிரியை)

பதில்: அந்த எண்ணைக் கொண்டு தீர்மானிக்க முடியாது, அறிக்கையின் மற்ற பக்கங்களைப் படியுங்கள். நுண்ணறிவுச் சோதனைகளில் சராசரி 100 எனக் கொள்ளப்படுகிறது; ஏறத்தாழ 70க்குக் கீழே வரும் மதிப்பெண், இக்குறைபாட்டை உறுதிசெய்யும் நிபந்தனைகளுள் ஒன்று மட்டுமே. மொழி, எண், காலம் ஆகியவற்றைக் கையாளுவது, பிறரோடு பழகுவது, தன்னைத் தானே கவனித்துக்கொள்வது போன்ற அன்றாடத் திறன்களிலும் குறிப்பிடத்தக்க பின்னடைவு இருக்க வேண்டும். அது வளரும் பருவத்திலேயே தொடங்கியிருக்கவும் வேண்டும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநலக் குறைபாடுகளை வகைப்படுத்தும் நூலின் (DSM) ஐந்தாம் பதிப்பு, குறைபாட்டின் கடுமையை ஈவைக் கொண்டு அல்லாமல் இந்த அன்றாடத் திறன்களைக் கொண்டே அளக்கச் சொல்கிறது. ஒரே மதிப்பெண் பெற்ற இரு பிள்ளைகளுள் ஒருவர் தானே உடுத்திக்கொண்டு வந்து தோழர்களோடு விளையாடலாம். மற்றவருக்கு இரண்டிலும் துணை தேவைப்படலாம்.

1905இல் பிரான்சில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் தங்கள் சோதனையை உருவாக்கியது, கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளை அடையாளம் காண்பதற்காகத்தான். அறிவு என்பது மாறாத ஓர் அளவு என்ற கருத்தைப் பினே வெளிப்படையாகவே மறுத்தார். உதவுவதற்காகப் பிறந்த கருவியைக் காட்டி உதவியை மறுப்பது எனக்கு எப்போதும் உறுத்துகிற ஒன்று. உங்கள் மாணவன் எதைத் தனியாகச் செய்கிறான், எதைச் சிறு உதவியோடு செய்கிறான் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். அந்த இரண்டாவது பட்டியலிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.

கேள்வி: வீட்டில் ஐந்து வரை சரியாக எண்ணித் தருகிற என் மகள், பள்ளியில் எண்ணவே தெரியாதவளைப்போல் நிற்கிறாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்கிறார் ஆசிரியர். (ஒரு தாய்)

பதில்: பிடிவாதம் என்று முடிவுகட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்வது இப்பிள்ளைகள் பலருக்குத் தானாக நிகழ்வதில்லை. உங்கள் மகள் வீட்டில் கற்றது ஐந்து என்னும் எண்ணை அன்று. உங்கள் குரலைக் கேட்டதும், பழகிய மேசையில், பழகிய கரண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதையே அவள் கற்றிருக்கலாம். எனவே பொருளை மாற்றுங்கள், இடத்தை மாற்றுங்கள், கேட்கும் ஆளையும் மாற்றுங்கள். ஆனால் கேட்கும் சொற்கள் மட்டும் தொடக்கத்தில் மாறாதிருக்கட்டும். நீங்கள் “எத்தனை இருக்கு?” என்று கேட்க, ஆசிரியர் “எண்ணிக்கையைக் கூறு” என்று கேட்டால், அவளுக்கு அவை இரண்டு வெவ்வேறு கேள்விகள். இதை ஆசிரியரோடு பேசி ஒத்துக்கொள்வதற்கு ஐந்து நிமிடம் போதும்.

ஆசிரியரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். “புத்தகத்தை எடு, 12ஆம் பக்கத்தைத் திற, இரண்டாவது கணக்கைச் செய், முடித்ததும் காட்டு” என்பது நமக்கு ஒரே வாக்கியம். கேட்டதைச் சற்று நேரம் மனத்தில் நிறுத்தி வைக்கும் திறன் குறைந்த பிள்ளைக்கு நான்கு வேலைகள், அவற்றுள் கடைசியாகக் கேட்டது மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். ஒன்றைச் சொல்லி, அவள் செய்து முடிக்கும்வரை அவசரப்படுத்தாமல் காத்திருந்து, பிறகு அடுத்ததைச் சொல்ல வேண்டும். “புரிந்ததா?” என்று கேட்பதிலும் பயனில்லை, பெரியவர்களை மகிழ்விக்கத் தலையாட்டும் பழக்கம் இவர்கள் பலரிடம் உண்டு. “செய்து காட்டு” என்பதே சரியான கேள்வி.

கேள்வி: நான் ஒரு மாணவிக்கு உதவியாளராக நாள் முழுவதும் அருகிலேயே அமர்கிறேன். நான் எழுந்து போனால் அவள் பென்சிலைக்கூட எடுப்பதில்லை. (பள்ளி உதவியாளர்)

பதில்: உங்கள் அக்கறையில் குறையில்லை; ஆனால் பென்சிலை எடுப்பதற்கான குறிப்பாக நீங்களே மாறிவிட்டீர்கள். உதவியைக் கொடுக்கும்போதே அதை எப்படி விலக்கிக்கொள்வது என்பதையும் திட்டமிட வேண்டும். இன்று கையைப் பிடித்துச் செய்விப்பவர், சில நாள்களில் முழங்கையை மட்டும் தொடலாம், பிறகு விரலால் சுட்டலாம், பிறகு வெறுமனே பார்க்கலாம், பிறகு இரண்டு இருக்கை தள்ளி அமரலாம். வேலையைச் சிறு படிகளாகப் பிரித்துக் கடைசிப் படியிலிருந்து கற்பிப்பதும் பல வேலைகளுக்குப் பொருந்தும். காலணி நாடா கட்டுவதில் எல்லாவற்றையும் நீங்கள் செய்துவிட்டு, கடைசியாக இழுத்து இறுக்குவதை மட்டும் அவளிடம் விடுங்கள். அது பழகியதும் அதற்கு முந்திய படியையும் விடுங்கள். ஒவ்வொரு முறையும் வேலையை முடிப்பவள் அவளாகவே இருப்பாள். சக மாணவி ஒருத்தியை அருகில் அமர்த்துவது, பெரியவர் ஒருவர் அமர்வதைவிடப் பல வேளைகளில் நல்லது.

கேள்வி: இதற்கு மருந்து உண்டா? (ஒரு வாசகர்)

பதில்: அறிவுசார் குறைபாட்டைப் போக்கும் மருந்து இல்லை. பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைவது போன்ற சில காரணங்களைப் பிறந்தவுடன் கண்டறிந்து சிகிச்சை அளித்தால் குறைபாடு வராமலே தடுக்கலாம். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பார்வையையும் செவித்திறனையும் சோதித்துவிடுங்கள். டவுன் நோய்க்குறி (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை) உள்ளவர்களிடம் இவ்விரு குறைகளும் மிகுதி, கண்ணாடி இல்லாமல் எழுத்துகளைத் தடுமாறிப் படிப்பதும் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. “மன வயது ஆறு” என்று சொல்லி, மழலையர் படப் புத்தகங்களையே தருகிறார்கள். (ஒரு தந்தை)

பதில்: ஆறு வயதுக் குழந்தையின் வாசிப்புத் திறன் இருப்பதால் அவர் ஆறு வயதுக் குழந்தையாகிவிடுவதில்லை. அவருக்குப் பதினான்கு ஆண்டு அனுபவமும், அந்த வயதின் உடலும், கூச்சமும், விருப்பங்களும் இருக்கின்றன. சொற்கள் எளிதாக இருக்கலாம், பொருள் வயதுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்: பேருந்துப் பலகை, விளையாட்டுச் செய்தி, கைப்பேசிக் குறுஞ்செய்தி, சமையல் குறிப்பு என்று வாசிப்பதற்கு எத்தனையோ உள்ளன. தனிநபர் கல்வித் திட்டத்துக்கான (அவருக்கென்று பள்ளி வகுக்கும் கற்பித்தல் திட்டம்) அடுத்த கூட்டத்துக்கு மகனையும் அழைத்துச் சென்று, எதைப் படிக்க விரும்புகிறார் என்று அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். பதில் வரச் சற்று நேரமானால் நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.