தோல் கிழிந்த இடம் இன்னும் எரிகிறது, டாக்டர்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். வயது 28. மூன்று வாரத்துக்கு முன் ஒரு பெண்ணுடன் உறவு வைத்துக்கொண்டேன். ஆணுறை போட்டிருந்தேன், கிழியவில்லை. கழற்றினால் உள்ளே ரத்தம். நுனிக்கு அடியில் இருக்கும் மெல்லிய தோல் கொஞ்சம் கிழிந்திருந்தது. பயந்துபோய் கிருமிநாசினியைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றிக் கழுவினேன். இப்போதும் தினம் இரண்டு வேளை ஊற்றுகிறேன். எரிச்சல் நிற்கவில்லை. ஒன்பதாம் நாள் எச்.ஐ.வி. பரிசோதனை செய்தேன், இல்லை என்று வந்தது. மனசு நம்ப மறுக்கிறது. தை மாசம் கல்யாணம். யாரிடமும் வாய் திறக்க முடியவில்லை.

- பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்: தம்பி, ரத்தம் உறைக்கு உள்ளே இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. உங்கள் காயம் உறைக்குள், அந்தப் பெண்ணின் உடல் திரவம் உறைக்கு வெளியே. கிழியாத உறையைத் தாண்டி எச்.ஐ.வி. வராது. உறை கிழிந்திருந்தால் கதை வேறு: 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு ஓடி, 28 நாள் தடுப்பு மாத்திரை தொடங்கியிருக்க வேண்டும். இதைப் படிக்கிற மற்றவர்களும் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

நுனியையும் முன்தோலையும் பிணைக்கும் அந்த மடிப்பில் சின்ன ரத்தக்குழாய் ஓடுகிறது. இழுபட்டுக் கிழிந்தால் காயம் துளியாக இருந்தாலும் ரத்தம் பயமுறுத்தும். உறவைத் தள்ளிவைத்து, வெறும் தண்ணீரில் கழுவி, ஈரத்தை ஒற்றிவிட்டாலே பெரும்பாலும் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். உங்களுக்கு ஆறாததற்கு அந்தக் கிருமிநாசினி மேல்தான் எனக்குச் சந்தேகம். ஓ.பி.யில் இதே மாதிரி ஒரு பையனைப் பார்த்தேன். கிழிசல் ஒரு அரிசி நீளம்தான். சுற்றிலும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் வெந்து உரிந்திருந்தது. ஊற்றுவதை நிறுத்தச் சொன்னேன், பத்து நாளில் தோல் மூடிவிட்டது. நீங்களும் இன்றே நிறுத்துங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் களிம்பும் வேண்டாம், அவற்றில் பலதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

ஆனாலும் மூன்று வாரம் ஆறாத புண்ணை ஒரு மருத்துவர் நேரில் பார்த்தே ஆக வேண்டும். உறை மூடாத இடத்தில் தோலோடு தோல் பட்டும் மேகப்புண் எனும் சிபிலிஸ் தொற்றலாம். அது பெரும்பாலும் மூன்று வாரம் கழித்துத்தான் தலைகாட்டும், வழக்கமாக வலிக்காது, தொட்டால் கெட்டியாக இருக்கும். அன்றைக்கே கிழிந்து அன்றைக்கே எரிந்த உங்கள் காயம் அப்படித் தெரியவில்லை. இருந்தாலும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஒன்பதாம் நாள் பரிசோதனை அவசரப்பட்டது, அதை வைத்து மகிழவும் முடியாது, அழவும் முடியாது. உறவு நடந்த நாளிலிருந்து மூன்று மாதம் முடிந்ததும் அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போய் எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டுக்கும் பாருங்கள். காசு வாங்க மாட்டார்கள். எச்.ஐ.வி. முடிவை உங்கள் சம்மதமில்லாமல் பொதுவாக யாரிடமும் சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. போகத் தயக்கமாக இருந்தால் 1097-க்குப் போன் செய்து பேசுங்கள், கட்டணம் இல்லை.

ஒன்று கேட்க விட்டுவிட்டேன். இதற்கு முன்பும் அந்த இடம் கிழிந்ததுண்டா? முன்தோலில் அடிக்கடி வெடிப்பு வருகிறதா? அப்படியானால் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள், இளம் வயதிலும் அது சில சமயம் இப்படித்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். மடிப்பு குட்டையாக இருந்தால் சின்ன அறுவை சிகிச்சை போதும். அதைக் கல்யாணத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளலாம்.