கண்மாய்ப் பறவைகளை வைத்துக் குடிமையியல் நடத்தலாமா?

கேள்வி: கிராமத்து அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். பக்கத்துக் கண்மாயில் ஆண்டுதோறும் நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன. அவற்றை வைத்துக் குடிமையியல் நடத்த ஆசை. போன வருடம் பேரணி போனோம். பிள்ளைகளுக்குக் கோஷம் மனப்பாடம் ஆனதுதான் மிச்சம். வேறு என்ன செய்யலாம்? அரசியல் என்று யாராவது கிளப்பிவிட்டால்?

பதில்: "பறவைகளைக் காப்போம்" என்று கத்தும் பிள்ளைக்கு, யார் காப்பது, யாரைக் கேட்பது என்பது தெரியாது. அங்கிருந்து ஆரம்பியுங்கள். கண்மாய் யாருடையது? ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத்துறை. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். பறவைக்கு வனத்துறை. கரை மரம் யார் கணக்கில், மீன் குத்தகையை யார் விடுகிறார்கள்? கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊராட்சிச் செயலரிடமும் பிள்ளைகளே கேட்டு வரட்டும். ஒரே தண்ணீருக்கு இத்தனை பொறுப்பாளர்களா என்று அவர்கள் திகைக்கும்போதே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

அடுத்து சட்டம். அரசியலமைப்பின் 48-ஏ பிரிவு வனவிலங்குப் பாதுகாப்பை அரசின் பொறுப்பாகவும், 51-ஏ குடிமக்களின் கடமையாகவும் சொல்கிறது. இரண்டும் 1976-இல் 42-ஆவது திருத்தத்தில் வந்தவை. இதை ஒரே பீரியடில் முடித்துவிடலாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும்கூட அதில் 'வேட்டை'தான். கவண் வைத்திருக்கும் பையன் கட்டாயம் காது கொடுப்பான்.

பிறகு, ஒரே ஒரு சின்ன முடிவைத் தேர்ந்தெடுங்கள். அதை எடுக்கும் அதிகாரம் உள்ளூரில் யாரிடமாவது இருக்க வேண்டும். உதாரணமாக, மீன்களைத் தின்னும் நீர்க்காகங்களை விரட்டக் குத்தகைதாரர் வெடி போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடு கட்டும் மாதங்களில் வெடி கூடாது என்று குத்தகை நிபந்தனையில் ஒரு வரி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த முயற்சியின் உயிர் வகுப்பறைக் கிராம சபையில்தான் இருக்கிறது. அதை அவசரப்படுத்த வேண்டாம். பறவைகளை மிகவும் நேசிக்கும் பிள்ளைக்கே குத்தகைதாரர் வேடம் கொடுங்கள். கடன் வாங்கி மீன்குஞ்சு விட்டவர் அவர். தினமும் கண்ணெதிரே நஷ்டம். மயில் மேய்ந்த வயலுக்காரராக இன்னொரு பிள்ளை பேசட்டும். உண்மையான குத்தகைதாரரையே ஒருநாள் வகுப்புக்கு அழைத்துப் பேசவைத்தால் இன்னும் நல்லது. அவர் வில்லனாகிவிட்டால் நீங்கள் நடத்துவது குடிமையியல் ஆகாது, மறுபடியும் பேரணிதான். பேசிப் பேசி நிபந்தனை மாறலாம்: கூடுள்ள மரங்களுக்கு அருகே மட்டும் வெடி வேண்டாம், மறுகரையில் மீன்குஞ்சுகளுக்கு மேல் வலை கட்டலாம், ஆனால் பறவை சிக்காதபடி. பிள்ளைகள் தங்கள் தீர்மானத்தைத் தாங்களே திருத்தி எழுதுவதற்குத்தான் மதிப்பெண் போட வேண்டும். கோரிக்கை நிறைவேறியதா என்பதற்கு அல்ல.

அரசியல் புகார் பற்றி. சீருடையோடு பிள்ளைகளை ஆட்சியர் அலுவலக வாசலில் நிறுத்தாதீர்கள். மனுவைப் பள்ளி மேலாண்மைக் குழு கொடுக்கட்டும். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். கிராம சபையில் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களே உறுப்பினர்கள் என்பதால், பிள்ளை எழுதியதை அம்மாவோ அப்பாவோ எழுந்து வாசிக்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவர் தன் கருத்தைச் சபைக்குக் கொண்டுபோகும் வழியும் அதுவே. கட்சி, வேட்பாளர் பெயர் எதுவும் வர வேண்டாம். மனு கொடுப்பது எந்தக் கட்சியும் கண்டுபிடித்ததல்ல: வேடந்தாங்கல் ஊரார் தங்கள் ஏரிப் பறவைகளுக்காக முறையிட்டு, செங்கல்பட்டு கலெக்டரிடம் 1798-லேயே ஆணை வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. அண்மைக் காலத்துக்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி. 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்த ஊரை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்துக் கிராம சபைகளும் சட்டமன்றமும் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இதைச் சொல்லும்போது உங்கள் சொந்தக் கருத்தை ஒதுக்கிவைத்து, எந்த மன்றத்துக்கு என்ன அதிகாரம் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பில் மட்டும் சமரசம் வேண்டாம். தண்ணீரில் இறங்கக் கூடாது. கூட்டுக்குக் கீழே போகக் கூடாது. கரையிலிருந்து பார்த்தாலே போதும்.

மனுவுக்குப் பதில் வராமல் போகலாம். அதுவும் பாடமே. நினைவூட்டுக் கடிதம், பிறகு தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம். 30 நாளில் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தில் உங்கள் பெயரோ பெற்றோர் ஒருவர் பெயரோ இருக்கட்டும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் பதில் நழுவும், "எங்கள் மனுமீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் நகல் வேண்டும்" என்று கேட்கப் பழக்குங்கள்.

நேரம் உங்களுக்குச் சாதகமாகவே அமைகிறது. ஜனவரியில் பொங்கலையொட்டித் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். விடுமுறையில் பிள்ளைகள் கரையில் நின்று எண்ணிக் குறித்துவந்தால் கையில் ஆதாரம் இருக்கும். அடுத்த சில நாட்களில் ஜனவரி 26 கிராம சபை. தலைவரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துப் பொருளைச் சேர்க்கச் சொல்லுங்கள். தீர்மானம் நிறைவேறினால் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பெற்றோர் பார்க்கட்டும். மார்ச் 22 சபையில், அது என்ன ஆயிற்று என்று கேட்கலாம்.