மேட் கிளேஸ் ஏன் பளபளக்கிறது?

கேள்வி: சின்ன கேஸ் சூளையில் ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுடும் கெட்டி மண்பாண்டம்) கோப்பைகள் சுடுகிறோம். பத்தாம் கோன் (குறிப்பிட்ட சூட்டில் சாய்ந்து அளவு காட்டும் கூம்பு; பத்தாவது 1230 டிகிரிக்கும் மேலே) வரை போனால் மேட் கிளேஸ் (மங்கலாக வரவேண்டிய கண்ணாடிப் பூச்சு) பளபளக்கிறது. 1230 டிகிரியில் அணைத்தால் மங்கலாக வருகிறது, ஆனால் டீக்கறை போவதில்லை. என்ன செய்வது?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: 1230-இல் உங்கள் கிளேஸ் வேகவே இல்லை. அரைகுறையாக உருகிய மேற்பரப்பின் நுண்துளைகளில் கறை ஏறுகிறது. சரியான மேட் கிளேஸ் முழுதாக உருகி, ஆறும்போது கண்ணுக்குத் தெரியாத படிகங்கள் மேலே வளர்கின்றன.

முதலில் கலவை. எடையில் பொட்டாஷ் ஃபெல்ஸ்பார் 49, சீனாக்களி 25, டோலமைட் 22, வைட்டிங் (சுண்ணாம்புக்கல் தூள்) 4. பத்தாம் கோனுக்கு நெடுநாளாகப் புழங்கும் அளவு இது. இதில் ஒரு மூலக்கூறு அலுமினாவுக்குச் சுமார் நான்கு சிலிக்கா. அந்த விகிதம் ஐந்தைத் தாண்ட ஆரம்பித்தால் பளபளப்பு எட்டிப் பார்க்கும். உங்கள் கலவையில் குவார்ட்ஸ் (சிலிக்கா தூள்) இருந்தால் அதைத்தான் முதலில் குறைக்க வேண்டும். மேட்டாக வரச் சிலர் சேர்க்கும் பேரியம் கார்பனேட் நச்சு. சாப்பாட்டுப் பாத்திரத்தில் வேண்டவே வேண்டாம்.

சீனாக்களி அதிகமுள்ள பூச்சு காயும்போது விரிசல் விடும். சுட்டபின் திரண்டு, வெறும் மண் தெரியும். களியில் பாதியை பிஸ்க் சூட்டில் (பூச்சு பூசுமுன் சுடும் முதல் சூடு) சுட்டுச் சேருங்கள். நீர்ச்சத்து போய்விடுவதால் 12.5 பங்குக்குப் பதில் 10.75 போதும்.

அடுத்தது ஆறும் வேகம். உங்கள் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். சின்னச் சூளை மலைக்குளிரில் மளமளவென ஆறிவிடும், படிகம் வளர நேரமிருக்காது. கோன் சாய்ந்ததும் பர்னரை மிகச் சிறு தீயில் விட்டு, 1100-இலிருந்து 950 வரை மணிக்கு 60–70 டிகிரி வீதம் இறக்குங்கள். தீ எரிந்துகொண்டிருக்கும்போது டேம்பரை (புகைபோக்கியை அடைக்கும் தகடு) முழுதாக மூடக்கூடாது.

கிளேஸ் பூசிச் சுட்ட சோதனை ஓட்டில் எலுமிச்சைத் துண்டை ஓர் இரவு வைத்துப் பாருங்கள். நிறம் வெளுத்தால் கோப்பைக்குள் பூசாதீர்கள். வெளுக்காவிட்டாலும் டோலமைட் மேட் பூச்சில் கரண்டி கோடு போடும். எங்களைக் கேட்டால் உள்ளே பளபளப்பு, வெளியே மேட்.

கேள்வி: 1200-க்கு மேல் சூடு ஏறவில்லை, சிலிண்டரில் பனி படிகிறது.
– வாசகர், ஊட்டி

பதில்: இரண்டு கோளாறு. ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. சமவெளியில் சரிபார்த்த பர்னர் இங்கே காற்றுப் போதாமல் புகையும். காற்றுத் தகட்டை இன்னும் திறந்து, அப்போதும் புகைந்தால் கேஸ் அழுத்தத்தைக் குறையுங்கள். பனி படிவது, ஒரே சிலிண்டரிலிருந்து அளவுக்கு மீறி கேஸ் இழுப்பதால். மூன்று சிலிண்டர்களை மேனிஃபோல்டில் (பல சிலிண்டர்களைச் சேர்க்கும் பொதுக் குழாய்) சேர்த்து இணைக்கச் சொல்லுங்கள்; கேஸ் வேலை தெரிந்தவரே செய்யட்டும். வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் சிலிண்டரை நிறுத்தலாம், கொதிநீர் கூடாது.