புதிய மின்சாரக் கார் நிறுவனத்தை நம்பி முன்பணம் கட்டலாமா?

கேள்வி: புதிய பிராண்ட் ஒன்றின் மின்சார எஸ்யூவியைப் பார்த்து வைத்திருக்கிறேன். 1,000 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் கேட்கிறார்கள். உலகம் முழுக்க விற்கப்போவதாக நிறுவனம் சொல்கிறது. ஏற்கெனவே வாங்கியவர்களோ, ஓடும்போதே திரை அணைந்துபோகிறது, உதிரிப்பாகம் வர மாதக்கணக்கில் ஆகிறது என்கிறார்கள். "அதெல்லாம் சரிசெய்தாகிவிட்டது" என்கிறார் விற்பனையாளர். தூத்துக்குடியில் இருக்கும் மைத்துனர், அங்கே வந்திருக்கும் வின்ஃபாஸ்ட் ஆலையைச் சொல்லி, புதியவர்கள் என்று ஒதுக்காதே என்கிறார். எதை வைத்து முடிவெடுப்பது? (வாசகர், பட்டர்வொர்த், மலேசியா)

பதில்: எத்தனை நாட்டில் விற்கிறார்கள் என்ற கணக்கைத் தள்ளி வையுங்கள். உங்களுக்கு வேண்டியது பக்கத்தில் பிறையிலோ ஜூருவிலோ அந்தக் காரைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒரு டெக்னீஷியன், உள்நாட்டிலேயே ஓர் உதிரிப்பாகக் கிடங்கு, உத்தரவாதத்துக்குப் பொறுப்பேற்கும் ஒரு செண்டிரியான் பெர்ஹாட் (இங்கே பதிவான தனியார் நிறுவனம்). இவை இல்லாவிட்டால் ஐம்பது நாட்டில் விற்றாலும் உங்கள் கார் நிற்கும் இடத்தில்தான் நிற்கும்.

மைத்துனர் சொன்ன வின்ஃபாஸ்டையே பார்ப்போம். 2017இல் தொடங்கிய வியட்நாம் நிறுவனம். 2022 நவம்பரில் 999 விஎஃப் 8 கார்களை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றியது. திரையை இயக்கும் மென்பொருளில் பிழை, ஓட்டுநருக்கான முக்கியத் தகவல்கள் மறையலாம் என்று 2023 மே மாதம் அந்த 999ஐயும் சரிசெய்யத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் வட கரோலினாவில் கட்டவிருந்த ஆலை 2028க்குத் தள்ளிப்போனது. தூத்துக்குடியிலோ 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்ட் 4ஆம் தேதி ஆலையைத் திறந்துவிட்டார்கள். ஆண்டுக்கு 50,000 கார் என்பது தொடக்கத் திறன். ஒரே நிறுவனம், ஓரிடத்தில் தாமதம், இன்னோரிடத்தில் வேகம். மைத்துனர் சொல்வது பொய்யில்லை. ஆனால் தூத்துக்குடி ஆலையால் உங்கள் காருக்கு ஒரு திருகாணிகூட வராது.

குறை சொன்னவரை அவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2021இல் வியட்நாமில் தன் காரின் குறைகளைக் காணொளியாகப் போட்ட ஒரு வாடிக்கையாளர்மீது இதே நிறுவனம் போலீசில் புகார் கொடுத்தது. இரண்டு ஆண்டு கழித்து அமெரிக்காவில் எந்த மாடல், எத்தனை கார், எந்த மென்பொருள், என்ன தீர்வு என்று எழுத்தில் கொடுத்தது. அங்கே சட்டம் கேட்டது, கொடுத்தார்கள். நீங்களும் அந்த நான்கையும் கேளுங்கள். "வாடிக்கையாளர் நலனே எங்கள் முதல் கடமை" என்ற அறிக்கை எதற்கும் உதவாது.

ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "திரைக் கோளாறு எந்தப் பதிப்பில் சரியானது? இந்த டெமோ காரில் இருப்பது எந்தப் பதிப்பு?" திரையின் அமைப்புகள் பகுதியில் பதிப்பு எண் இருக்கும், நீங்களே திறந்து பாருங்கள். டெமோ காரிலேயே பழைய பதிப்பு ஓடினால் விற்பனையாளரின் பேச்சுக்கு மேல் விளக்கம் தேவையில்லை.

குறைகள் எல்லாம் ஒரே எடையும் இல்லை. திரை, கைப்பேசிச் செயலி, தடம் மாறும்போது தேவையில்லாமல் கத்தும் எச்சரிக்கை போன்றவை பெரும்பாலும் மென்பொருளில் தீரும். வண்டி அடியோடு உயிரில்லாமல் கிடந்தது, கதவே திறக்கவில்லை என்றால் பெரிய பேட்டரியைச் சந்தேகிக்குமுன் 12 வோல்ட் பேட்டரியைப் பார்க்க வேண்டும். மின்சாரக் காரிலும் கதவுப் பூட்டு, கணினி, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே எல்லாமே அந்தச் சின்ன பேட்டரியில்தான் விழிக்கின்றன. நிறுத்திய காரைச் செயலி அடிக்கடி தட்டி எழுப்பினாலோ, டேஷ்கேமரா நேரடியாக அதில் இணைக்கப்பட்டிருந்தாலோ அது மெல்ல வற்றும். பெரிய பேட்டரியிலிருந்து அதற்குச் சார்ஜ் ஏற்றும் மாற்றி (கன்வெர்ட்டர்) பழுதானால் ஓடும்போதே எச்சரிக்கை வரும். சின்ன பேட்டரி ஈய-அமில வகையாக இருந்தால், ஓய்வில் 12.4 முதல் 12.7 வோல்ட் காட்ட வேண்டும். கார் ஓடத் தயார் நிலையில் இருக்கும்போது 13.5க்கு மேல் ஏறவில்லை என்றால் கோளாறு மாற்றியில் இருக்கலாம். இதை மட்டும் வீட்டில் அளக்கலாம். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற வயர் தெரிந்தால் கை வைக்காதீர்கள்.

மூன்றாவது வகைதான் உங்கள் பணத்தைத் தின்னும்: உதிரிப்பாகம். முன்பணம் கட்டுமுன் சர்வீஸ் மையத்தை அழைத்து முன் பம்பர், வலது ஹெட்லைட், பக்கக் கண்ணாடி, முன் கண்ணாடி, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை (லோயர் ஆர்ம்) ஆகிய ஐந்துக்கும் விலையும் காத்திருப்பு நாளும் கேளுங்கள். பாகத்தின் எண்ணைச் சொல்லி "கையிருப்பில் இருக்கிறது" என்பவர்களை நம்பலாம். "ஆர்டர் போட்டுப் பார்க்கணும்" என்றால் கவனம். விபத்தில் அடிபட்டால் தட்டி, பெயிண்ட் அடிக்கும் அனுமதி பெற்ற பட்டறை பினாங்கில் இருக்கிறதா? இல்லையென்றால் கோலாலம்பூருக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர், அதுவும் நான்கு சக்கரமும் தரையில் படாத சமதள லாரியில்தான் அனுப்ப வேண்டும். முன் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருப்பதால், மாற்றினால் அதைச் சீரமைக்கும் செலவும் சேரும். முன் கண்ணாடிக்கான காப்புறுதிக்கு வழக்கமாகக் காப்புறுதித் தொகையில் 15 விழுக்காடு கட்டணம். 4,000 வெள்ளி கண்ணாடி என்றால் ஆண்டுக்கு 600 வெள்ளி.

நிறுவனமே விழுந்தால்? அமெரிக்காவின் ஃபிஸ்கர் 2024 ஜூனில் திவால் பாதுகாப்பு கோரியதும், கார் உரிமையாளர்கள் தாங்களே சங்கம் அமைத்துப் பாகத்துக்கும் மென்பொருளுக்கும் அலைய வேண்டியிருந்தது. மலேசியாவிலும் விற்கப்பட்ட நெட்டாவின் தாய் நிறுவனம் ஹோசோன் 2025 ஜூனில் சீனாவில் திவால் நடவடிக்கைக்குள் போனது. அதனால் உத்தரவாதப் புத்தகத்தில் பொறுப்பேற்பவர் யார் என்று பாருங்கள்: உற்பத்தியாளரின் சொந்தக் கிளையா, இங்குள்ள விநியோகஸ்தரா? விநியோகஸ்தர் மாறினால் பழைய கார்களின் உத்தரவாதம் யாருக்குப் போகும் என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

பேட்டரி உத்தரவாதம் பெரும்பாலும் 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர், கொள்ளளவு 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மட்டும். நம் ஊரில் கார்க் கடன் 9 ஆண்டு வரை போகிறது. கடைசி ஆண்டுத் தவணையை உத்தரவாதமில்லாத பேட்டரிக்குக் கட்டுவீர்கள் என்பதை யாரும் ஷோரூமில் சொல்வதில்லை. கிராப் வாடகைக் காராக ஓட்டும் எண்ணம் இருந்தால் வணிகப் பயன்பாட்டு விதியைத் தனியாகப் படியுங்கள். பல பிராண்டுகள் அதற்குக் காலத்தைக் குறைக்கும், சில அடியோடு மறுக்கும்.

1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 37, பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க உற்பத்தியாளர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. ஒரு ஓட்டையும் இருக்கிறது: விற்கும்போதே "இதற்கு நாங்கள் பொறுப்பேற்கவில்லை" என்று உங்களுக்குத் தெரிவித்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். முன்பதிவுப் படிவத்தின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் அந்த வாக்கியத்தைத் தேடுங்கள். இருந்தால் அடித்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், மறுத்தால் எழுந்து வாருங்கள்.

சோதனை ஓட்டத்துக்குக் கட்டடத்தைச் சுற்றிப் பத்து நிமிடம் போதாது. வெயில் நேரத்தில் பாலம் வழியாகப் பினாங்குத் தீவுக்குப் போய் பாலிக் புலாவ் மலைப்பாதையில் ஏறி இறங்குங்கள். விளம்பரத்தின் தூரம் சீனாவின் சிஎல்டிசி அளவா, ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி அளவா என்று கேளுங்கள், முன்னது அதிகம் ஊதும். உங்கள் கணக்கு இப்படி: பயன்படும் கொள்ளளவு 57 கிலோவாட் மணி, 110 கிலோமீட்டர் வேகத்தில் 100 கிலோமீட்டருக்கு 18 கிலோவாட் மணி செலவு என்றால் முழுச் சார்ஜில் ஏறக்குறைய 315 கிலோமீட்டர். வழியில் 80இலிருந்து 10 விழுக்காடு வரைதான் ஓட்டுவீர்கள், அது ஏறக்குறைய 220 கிலோமீட்டர். கோலாலம்பூர் போக ஒரு நிறுத்தம் உறுதி.

வீட்டுச் சார்ஜருக்கு ஒருமுனை (சிங்கிள் ஃபேஸ்) மின்சாரத்தில் 7 கிலோவாட், 32 ஆம்பியர் போதும். தனிச் சுற்று, சரியான மின்கசிவுப் பாதுகாப்பு, எரிசக்தி ஆணையத்தில் பதிந்த ஒப்பந்ததாரர் இவை கட்டாயம். கொண்டோ (அடுக்குமாடி) என்றால் நிர்வாகக் குழுவின் எழுத்து அனுமதி முதலில்.

வாங்கிய பிறகு கோளாறு வந்தால் தேதியும் கிலோமீட்டரும் பதிப்பு எண்ணும் தெரிய வீடியோ எடுங்கள். வேலைத்தாளில் குறையை நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். "சோதித்தோம், குறை இல்லை" என்று எழுதினாலும் அந்தத் தாளின் நகலை வாங்குங்கள், மூன்று முறை அப்படி வந்தால் அதுவே ஆதாரம். தீர்வு இல்லையென்றால் 14 நாள் கெடு வைத்து மின்னஞ்சல், பிறகு பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் கிடையாது, மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வரம்பு 50,000 வெள்ளி என்பதால் முழுக் காரின் விலையைக் கேட்க அந்த இடம் பத்தாது. பழுதுச் செலவு, இழுவைக் கட்டணம், மாற்று வாடகைக் கார் ஆகியவற்றுக்கு அது தாராளம், பில் எல்லாம் உங்கள் கையில் இருந்தால்.