மாணவர்களின் அன்றாடக் கைபேசிப் பழக்கம் வகுப்பில் பாடம் நடத்த உதவுமா, அல்லது வெறும் கவனச் சிதறல்தானா?

உதவும். ஆனால் அதற்காகக் கைபேசியை வகுப்புக்குள் கொண்டுவர வேண்டியதில்லை என்பது என் அனுபவம். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாகக் கணக்கு நடத்துகிறேன். எங்கள் பள்ளிக்குள் பிள்ளைகள் கைபேசி எடுத்துவரக் கூடாது. அந்த விதி நல்ல விதி என்றே நினைக்கிறேன். கைபேசி வீட்டிலேயே இருக்கட்டும். அதை வைத்துக்கொண்டு பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் போதும், பாடத்தை எங்கே தொடங்குவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஏழாம் வகுப்பில் பிரதிபலிப்பு நடத்தியபோது நடந்ததைச் சொல்கிறேன். கண்ணாடி, சமச்சீர்க் கோடு என்று கரும்பலகையில் வரைந்து காட்டினேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்களே தவிர யார் முகத்திலும் அசைவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "செல்ஃபி எடுக்கும்போது சட்டையில் இருக்கும் எழுத்து திரையில் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "தலைகீழாகத் தெரியும் டீச்சர்" என்றான் ஒருவன். உடனே நான்கு பேர் மறித்தார்கள்: "தலைகீழ் இல்லை, இடது வலது மாறித் தெரியும்." தலைகீழுக்கும் இடவல மாற்றத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களே சண்டை போட்டுத் தீர்த்தார்கள். நான் சொல்ல வேண்டியிருந்த வரையறை அதுதான். பிறகு, இடவலம் மாறினாலும் வடிவம் மாறாத தமிழ் எழுத்து எது என்று தேடச் சொன்னேன். 'ப' கிடைத்தது. சற்று நேரம் கழித்து, அதுவரை வாய் திறக்காத ஒரு பெண் 'ஃ' என்றாள்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பா, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறையில் வேலை பார்க்கிறார். "கல்லில் பெயர் எழுதச் சொல்லி யாராவது கேட்டால், அச்சில் எழுத்தைத் திருப்பித்தான் வைக்க வேண்டும் டீச்சர்" என்றான். எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. இத்தனை வருடம் அந்தத் தரைகளில் நடந்திருக்கிறேன், இதை யோசித்ததே இல்லை. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் துண்டின் மேல் வார்க்கிறார்கள். அச்சைக் கண்ணாடியின் மேல் வைத்து, அதன் ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துவார்கள். கண்ணாடியைத் தொட்டுக் கிடக்கும் பக்கம்தான் கல்லின் முகம். அந்தப் பளபளப்பும் கண்ணாடி கொடுத்ததுதான். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறித்தான் கல் கெட்டிப்படும். ஆக, ஊற்றுகிறவர் மேலிருந்து பார்க்கும் கோலம் வேறு, கல்லைத் திருப்பும்போது கிடைக்கும் கோலம் வேறு. ஒன்று மற்றொன்றின் பிரதிபலிப்பு. பூவாக இருந்தால் சமச்சீரில் தெரியாமல் போய்விடும், எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். செல்ஃபியில் தொடங்கிய பேச்சு அவன் அப்பாவின் கைவேலையில் போய் நின்றது. பாடப்புத்தகத்தை அன்று நான் திறக்கவே இல்லை.

இன்னொன்று, வீடியோ அழைப்பு. எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போய்வருகிறார்கள். இங்கே எட்டு மணி என்றால் அப்பாவுக்கு அங்கே பத்தரை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விகிதப் பாடத்தில் அதையே எடுத்தேன். பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகும். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது, சிங்கப்பூர் ஏறத்தாழ 104 பாகையில் இருக்கிறது. வித்தியாசத்தை நான்கால் பெருக்கினால் 86 நிமிடம் வருகிறது. அப்பாவின் கடிகாரமோ 150 நிமிடம் என்கிறது. "கணக்கு தப்பா டீச்சர், இல்லை அப்பா தப்பா?" என்று ஒருத்தி கவலையோடு கேட்டாள். விடையைச் சொல்லாமல் பின்னோக்கிக் கணக்கிடச் சொன்னேன். 150 நிமிடம் என்றால் 37.5 பாகை, 82.5உடன் கூட்டினால் 120. சிங்கப்பூர் 1982 தொடக்கத்தில் மலேசியாவை ஒட்டித் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது; அன்று முதல் அங்கே 120ஆம் பாகையின் நேரம்தான் என்று பிறகு சொன்னேன். கணக்கும் சரி, அப்பாவும் சரி.

எல்லாம் இப்படி இனிமையாக நடந்துவிடவில்லை. 2020இல் பள்ளிகள் மூடியபோது வாட்ஸ்அப் குழுவில் நாள் தவறாமல் வீடியோ அனுப்பினேன். பாதிப் பிள்ளைகள் பார்க்கவில்லை. அக்கறை இல்லை என்று கோபப்பட்டேன். பல வீடுகளில் ஒரே கைபேசி, அதுவும் அப்பாவுடையது, அவர் இரவு எட்டு மணிக்கு மேல்தான் வீடு திரும்புவார், அதற்கு மூன்று பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்பதைப் பள்ளி திறந்த பிறகு நேரில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கோபப்பட்டதற்கு இன்னும் வருந்துகிறேன். இன்றுவரை, கைபேசி இருந்தால்தான் முடியும் என்கிற வீட்டுப்பாடம் எதையும் நான் கொடுப்பதில்லை.

இன்றைய பிள்ளைகள் 'டிஜிட்டல் பூர்வகுடிகள்', அதாவது பிறந்ததிலிருந்தே டிஜிட்டல் கருவிகளோடு வளர்ந்தவர்கள் என்று 2001இல் அமெரிக்கக் கல்வி எழுத்தாளர் மார்க் பிரென்ஸ்கி எழுதியது பெரிதாகப் பேசப்பட்டது. அதை அப்படியே நம்பி வகுப்புக்குப் போகாதீர்கள். 2018 முதல் வந்த எங்கள் பாடநூல்களில் கியூஆர் குறியீடு இருக்கிறது. மளிகைக் கடையில் கண் இமைக்கும் நேரத்தில் ஸ்கேன் செய்து பணம் கட்டும் பையன், புத்தகத்தில் இருப்பதும் அதே வகைதான் என்பதை நான் சொன்ன பிறகுதான் கவனித்தான்.

வீடியோவைப் பின்னால் இழுத்துப் பார்க்கும் பழக்கத்திலிருந்தும் ஒன்று கற்றேன். புரியாத இடத்தை வீட்டில் கூச்சமில்லாமல் மூன்று முறை ஓட்டிப் பார்க்கிறவர்கள், வகுப்பில் "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்பதில்லை. அதனால் ஒவ்வொரு படிக்கும் நானே நிறுத்துகிறேன். யாராவது ஒருவர் அந்தப் படியைத் தன் வார்த்தையில் திரும்பச் சொல்ல வேண்டும். பாடம் மெதுவாகத்தான் நகர்கிறது, பரவாயில்லை.

பிள்ளைகள் தட்டச்சு செய்வதில்லை, குரல் பதிவுதான் அனுப்புகிறார்கள். முன்பு எழுதிக் கேட்ட விளக்கங்களில் சிலவற்றை இப்போது வாயால் சொல்லச் சொல்கிறேன். 'ஃ' என்று சொன்ன அந்தப் பெண் ஒரு நாள் இரவு அவள் அம்மாவின் கைபேசியிலிருந்து நாற்பது வினாடிப் பதிவு ஒன்றை அனுப்பினாள். பின்னணியில் குக்கர் விசில், தம்பியின் அழுகை. நடுவில், "இல்லை, இரு, தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்று தானே நிறுத்தித் தன் கணக்கைத் திருத்திக்கொண்டாள். விடைத்தாளில் அவள் அடித்துத் திருத்தி நான் பார்த்ததே இல்லை. தெரியாவிட்டால் இடத்தை வெற்றாக விட்டுவிடுவாள். அந்தப் பதிவை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.