வீட்டில் கட்டிய விமானத்துக்கு எந்த லைசென்ஸ்? வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவில் ஒஹையோவில் இருக்கும் என் அண்ணன் கிட் வாங்கி, கார் ஷெட்டிலேயே ஆர்வி-9ஏ என்ற இரண்டு சீட் விமானம் கட்டிக்கொண்டிருக்கிறார். வயது 63, சர்க்கரை உண்டு. லைட் ஸ்போர்ட் (எடை குறைந்த சிறு விமான வகை) என்று பதிந்துவிட்டால் மெடிக்கல் சான்றிதழ் வேண்டாம், கார் ஓட்டும் லைசென்ஸே போதும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்காக எடையைக் காகிதத்தில் குறைத்துப் போடலாமா என்று யோசிக்கிறார். நடக்குமா?
(வாசகி, திருச்சி)

பதில்: எடையைக் குறைக்கவும் வேண்டாம், லைட் ஸ்போர்ட் என்று பதியவும் வேண்டாம். விமானத்துக்கு என்ன சான்றிதழ் என்பது ஒன்று, அதை யார் ஓட்டலாம் என்பது வேறொன்று. அண்ணன் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார். பாதிக்கு மேல் வேலையைச் சொந்தக் கையால், பிழைப்புக்காக இல்லாமல் ஆசைக்காகச் செய்திருந்தால் அது 'எக்ஸ்பெரிமென்டல் அமெச்சூர் பில்ட்' வகை. 51 சதவீத விதி என்பார்களே, அதுதான். ரிவெட் அடிக்கிற போட்டோவிலிருந்து எல்லாவற்றையும் தேதி போட்டு வைத்திருக்கச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் வந்தால் அதைத்தான் கேட்பார். இந்தச் சான்றிதழோடேயே, வரம்புக்குள் இருந்தால், ஸ்போர்ட் பைலட், அதாவது சிறு விமானங்களுக்கான எளிய லைசென்ஸ் வைத்திருப்பவர், அதை ஓட்டலாம்.

அந்த வரம்புதான் மாறியிருக்கிறது. 2004-இல் வந்த விதிப்படி தரையில் இறங்கும் விமானம் 1,320 பவுண்டுக்கு, அதாவது சுமார் 600 கிலோவுக்கு, மேல் போகக்கூடாது. முழு வேகம் 120 நாட் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), ஃப்ளாப் என்கிற இறக்கையின் பின்பக்கத் தட்டை இறக்காமல் ஸ்டால் வேகம், அதாவது இறக்கை பிடிப்பை விடுகிற வேகம், 45 நாட். ஆர்வி-9ஏ-வின் எடையோ 1,750 பவுண்டு, வேகமும் 120-ஐத் தாண்டிவிடும். வீட்டில் கட்டுகிறவரே சட்டப்படி தயாரிப்பாளர் என்பதால், உச்ச எடையை அவரே தீர்மானிக்கலாம், அப்படிக் குறைத்துப் போட்டவர்களும் உண்டு. ஆனால் முதல் சான்றிதழிலிருந்தே வரம்புக்குள் இருந்திருக்க வேண்டும், பிறகு இறக்கினால் செல்லாது. அப்படியே குறைத்தாலும் இரண்டு பேர் ஏறி, டாங்க்கும் நிரம்பினால் எடை எங்கே நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

2025 ஜூலையில் மொசைக் என்ற புது விதியை அறிவித்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 22 முதல் ஸ்போர்ட் பைலட்டுக்கு எடை வரம்பும் இல்லை, வேக வரம்பும் இல்லை. முக்கியமாகப் பார்ப்பது ஃப்ளாப் இறக்காத ஸ்டால் வேகத்தை, அது 59 நாட்டுக்குள் இருக்க வேண்டும். ஆர்வி-9ஏ ஃப்ளாப் இறக்கிச் சுமார் 44 நாட் என்கிறது கம்பெனிக் கணக்கு, இறக்காமல் சில நாட் கூடினாலும் தேறிவிடும்.

அப்புறம், கம்பெனிக் கணக்கு வேறு, அண்ணன் கட்டிய விமானம் வேறு. முதல் 25 அல்லது 40 மணி நேரச் சோதனைப் பறப்பில் இதை அவரே அளக்க வேண்டியிருக்கும். பயணி ஏற்றக்கூடாத கட்டம் என்பதால் பக்கத்து சீட்டில் மணல் மூட்டையைக் கட்டி முழு எடைக்குக் கொண்டுவந்து, நல்ல உயரத்துக்குப் போய், த்ராட்டிலை மூடி, மூக்கை மெல்லத் தூக்கிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் இறக்கை பிடிப்பை விடும். அப்போது வேகமானியின் முள் காட்டுகிற எண்ணை அப்படியே எழுதக்கூடாது. மூக்கு தூக்கியிருக்கையில் வேகத்தை அளக்கும் பிடோ குழாய்க்குள் காற்று சாய்வாகப் போவதால் முள் பெரும்பாலும் குறைத்தே காட்டும், பிழையைத் திருத்திய வேகத்தைத்தான் விதி கேட்கிறது.

எனக்குக் கவலை மெடிக்கல் விஷயத்தில்தான். கார் லைசென்ஸ் போதும் என்பது உண்மை, ஆனால் கடைசியாக மெடிக்கலுக்கு விண்ணப்பித்தபோது மறுத்திருந்தால் அந்தச் சலுகை கிடையாது. 'எதற்கும் ஒரு தடவை போய்ப் பார்ப்போமே' என்று போய், மறுப்பு வாங்கி, இருந்த வழியையும் அடைத்துக்கொண்டவர்கள் உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே விமான மருத்துவம் தெரிந்த டாக்டரிடம் தனியாகப் பேசிவிடட்டும். உடம்பு ஒத்துழைக்காது என்று தனக்கே தெரிந்தும் ஓட்டினால் கார் லைசென்ஸ் காப்பாற்றாது. சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருகிற வழக்கம் இருந்தால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: புது விதியில் நான்கு சீட் விமானமும் ஓட்டலாமாமே, குடும்பத்தோடு போகலாமா?

பதில்: சீட் நான்கு இருக்கலாம், ஏறுவது பைலட்டும் இன்னொருவரும்தான். காசு வாங்கி யாரையும் ஏற்றவும் கூடாது. இரவில் பறக்கத் தனிப் பயிற்சி வேண்டும், அதற்கு வெறும் கார் லைசென்ஸும் போதாது.

கேள்வி: லைசென்ஸே இல்லாமல் பறக்க வழி உண்டா?

பதில்: அமெரிக்காவில் உண்டு, அல்ட்ராலைட். ஒரே சீட், வெற்று எடை 254 பவுண்டுக்குக் கீழே, பெட்ரோல் 5 கேலன், அதாவது சுமார் 19 லிட்டர், முழு வேகம் 55 நாட். பதிவெண்கூட வேண்டாம். பயிற்சி எடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனாலும் எடுக்காமல் ஏறாதீர்கள்.