குதிரை இல்லாத சோழரும் குண்டு போடும் காந்தியும்: கேள்வி பதில்

வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன். பேச்சு பெரும்பாலும் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்ற இடைக்காலப் போர் கம்ப்யூட்டர் கேம் பற்றித்தான். 1999-ல் வந்த நாளிலிருந்து ஆடுகிறேன். நண்பர்கள் நாலு பேரோடு சேர்ந்து அதற்கு ஒரு மாட் (ரசிகர்களே கேமை மாற்றிச் செய்யும் வடிவம்) செய்து கையைச் சுட்டுக்கொண்ட அனுபவமும் உண்டு. இதில் ஆடக் கிடைக்கும் ஒவ்வொரு இனத்தையும் ‘சிவ்’ என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

கீபோர்டு வீரன்: அண்ணா, இடைக்காலத்தை வைத்து ஒரு கேம் செய்யப் போகிறோம். 20 நாடுகளின் பட்டியல் தயார். எதை வைப்பது, எதை எடுப்பது?

முதலில் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள் தம்பி. நாட்டின் பெயரை எழுதுவதற்கு முன்னால் அதன் எதிரியின் பெயரை எழுத வேண்டும். இன்றைக்கு இதை நாலைந்து தடவையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1999-ல் இந்த கேமில் 13 சிவ்கள்தான். வரிசையைப் பாருங்கள்: பிரிட்டன்கள், பிராங்குகள், செல்ட்டுகள், டியூட்டன்கள், கோத்துகள், வைக்கிங்குகள், பைசாந்தியர், துருக்கியர், சாரசென்கள், பாரசீகர், மங்கோலியர், சீனர், ஜப்பானியர். ஏறக்குறைய எல்லோருக்கும் பக்கத்திலேயே ஒரு பகையாளி இருக்கிறான். செல்ட்டுக்கு பிரிட்டன், சாரசெனுக்கு பிராங்கு, பைசாந்தியனுக்குத் துருக்கி, சீனனுக்கு மங்கோலியன். ஜப்பானைத்தான் கொஞ்சம் ஒண்டியாக விட்டார்கள். ஜோன் ஆஃப் ஆர்க், சலாதீன் கதைகளை எழுத அவர்கள் புதிதாக யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை.

அதற்கும் முன்னால் காலவரம்பு. இங்கே ரோமின் வீழ்ச்சியிலிருந்து ஏறத்தாழ 16-ஆம் நூற்றாண்டு முடிய. 1598-ல் கொரியக் கடலில் நடந்த நோர்யாங் போர் வரைக்கும் இழுத்திருக்கிறார்கள். இந்தக் கோடு போட்டாலே உங்கள் 20-ல் பாதி கழிந்துவிடும்.

மிச்சத்தைச் செலவு கழித்துவிடும். ஒரு சிவ் என்றால் பெயரும் கொடியும் மட்டுமில்லை. தனிப் படைவீரன், அவன் நடக்க, அடிக்க, சாகத் தனித்தனி அசைவுகள், குரல், கட்டடம், கம்ப்யூட்டர் தானாக ஆடும் முறை, அப்புறம் மற்ற எல்லோரோடும் மோதவிட்டுப் பார்க்கும் பேலன்ஸ் வேலை. 13-க்கு 78 ஜோடி. 20 என்றால் 190. நாங்கள் 22 நாடுகளோடு ஆரம்பித்தோம். வெளியிட்டபோது 6 இருந்தது. அதிலும் ஒன்றின் யானைக்கு நிழல் விழாது.

சேப்பாக்கம் சுந்தரி: காந்தி அணுகுண்டு போடுவது ஏன்?

அது வேறு கேம், ‘சிவிலைசேஷன்’. முதல் பாகத்தில் ஒரு எண் தலைகீழாகி காந்தி வெறியரானார் என்பது கட்டுக்கதை. அந்த கேமை உருவாக்கிய சிட் மேயரே 2020-ல் மறுத்துவிட்டார். ஐந்தாம் பாகத்தில் வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள்.

கொங்கு வாத்தியார்: இந்தியாவைவிட கொரியா முந்திக்கொண்டது எப்படி? வரலாற்றுப்படி நியாயமா?

நியாயம் வரலாற்றில் இல்லை ஐயா, கல்லாவில் இருக்கிறது. 2000-ல் ‘கான்கரர்ஸ்’ என்ற கூடுதல் இணைப்பு வந்தபோது கொரியாவில் ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்ற இன்னொரு கேமின் பித்து தலைக்கேறியிருந்தது. அந்தச் சந்தைக்காகக் கடைசி நேரத்தில் கொரியர்களைச் சேர்த்தார்கள். நம் கதை இன்னும் சுவாரசியம். இந்தியர்களை உள்ளே கொண்டுவந்ததே ரசிகர்கள்தான். 2012-ல் வந்த ஒரு ரசிகர் மாட், மறு வருடம் ‘ஃபர்காட்டன்’ என்ற அதிகாரபூர்வ இணைப்பாக வெளியானபோது இந்தியர்களும் வந்தார்கள். ஆனால் சிந்து முதல் குமரி வரை ஒரே சிவ். ஒட்டகப்படை, பேச்சு இந்தி. 2022-ல் ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ வந்த பிறகுதான் அது ஹிந்துஸ்தானிகள், வங்காளிகள், கூர்ஜரர்கள், திராவிடர்கள் என்று நாலாகப் பிரிந்தது.

பொன்னி: திராவிடர்களுக்கு ‘நைட்’ என்ற கனத்த குதிரைப்படை ஏன் இல்லை? வஞ்சனையா?

நல்ல கேள்வி, இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வஞ்சனை இல்லை. நம் தட்பவெப்பத்தில் போர்க்குதிரை வளர்ப்பது பெரும்பாடு. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, அரசர்கள் ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து வருடாவருடம் கப்பல் கப்பலாகக் குதிரை வாங்குவதையும், பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போவதையும் எழுதிவைத்திருக்கிறார். செத்தால்தானே அடுத்த வருடமும் வியாபாரம்! ஆகவே குதிரையைக் குறைத்து, காலாட்படையையும் யானையையும் கடலையும் கொடுத்தது சரியான முடிவு. ஒரு நாட்டுக்கு எதைக் கொடுக்காமல் விடுகிறோம் என்பதில்தான் அதன் குணம் தெரியும்.

ஆனால் தனிப் படைவீரன் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. ‘உறுமி’ வீரன் என்று படித்ததும் மேளத்தோடு வரப்போகிறான் என்று நினைத்தேன். வந்தவன் கையில் சுருள்வாள், மலையாளத்தில் அதற்குத்தான் உறுமி என்று பெயர். களரியில் தனி ஆள் சுழற்றுகிற ஆயுதத்தை நாற்பது பேர் நெருக்கியடித்து நின்று சுழற்றினால் எதிரிக்கு முன்னால் பக்கத்து ஆள் போய்விடுவான்.

கீழ்வீதி குமார்: பாண்டியர் எங்கே?
வஞ்சி மைந்தன்: சேரருக்கு ஏன் இடமில்லை?
மாமல்லன்: பல்லவர்?

மூவருக்கும் ஒரே பதில்: திராவிடர் சிவ்வுக்குள் இருக்கிறார்கள். இந்த கேமில் சிவ் என்பது இனப்பெயர், அரசமரபின் பெயர் இல்லை.

வேங்கி நாட்டான்: அந்தச் சிவ் பேசுவது தமிழ். கதை ராஜேந்திர சோழன் கதை. கப்பல் சோழர் கப்பலான திரிசடை. வாள் கேரளம். தெலுங்குக் காகதீயரும் கன்னட ஹொய்சளரும் எங்கே? இதற்கு எதற்கு ‘திராவிடர்’ என்று பெயர்?

குற்றச்சாட்டை ஏற்கிறேன். உலோகத்தில் மட்டும் கொஞ்சம் பங்கு கிடைக்கும். திராவிடர் சிவ்வின் சிறப்புத் தொழில்நுட்பமான ‘வூட்ஸ்’ எஃகின் பெயர் கன்னட ‘உக்கு’விலிருந்து வந்தது என்பார்கள், நம்மவர்கள் ‘உருக்கு’ என்பார்கள். எஃகு தெலங்கானாவிலும் உருகியது, கொங்கு நாட்டுக் கொடுமணலிலும் உருகியது.

கடாரங்கொண்டான்: அப்படியானால் ‘தமிழர்’ என்றே வைத்திருக்கலாமே! யாருக்குப் பயம்?

யாருக்கும் பயமில்லை. ‘தமிழர்’ என்று வைத்தால் வேங்கி நாட்டான் வெளியே நிற்பார். ‘சோழர்’ என்றால் விதி உடையும். ‘திராவிடர்’ மொழிக்குடும்பத்தின் பெயர். சொல் பழையது என்றாலும் அந்தப் பொருளில் அதைப் பரப்பியது 1856-ல் வந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம். ராஜேந்திரனை எழுப்பி ‘நீ திராவிடனா?’ என்று கேட்டால் விழிப்பான்.

வேங்கி நாட்டான்: மொழிக்குடும்பத்தைச் சிவ் ஆக்கினால் ‘இந்தோ ஐரோப்பியர்’ என்று ஒன்று வைத்து பிரிட்டன் முதல் பாரசீகம் வரை அடைத்துவிடலாமே?

பலே! இதற்குப் பதில் யோசிக்க டீ குடித்துவிட்டு வந்தேன். ‘ஸ்லாவ்’ என்று ஒரு சிவ் இருக்கிறதே, அதுவும் மொழிக்குடும்பப் பெயர்தான். 2013-ல் வந்தது. பிறகு பல்கேரியர் 2019-ல், போலந்தினரும் பொஹீமியரும் 2021-ல் தனித்தனி சிவ்களாக வந்தார்கள். ‘இந்தியர்’ கதையும் அதுதான். ‘திராவிடர்’ தற்காலிகக் கொட்டகை. என்றைக்காவது கன்னடருக்கும் தெலுங்கருக்கும் தனிச் சிவ் வந்தால் மிச்சமிருப்பது தமிழர்தான், அப்போது பெயரை மாற்றிக்கொள்ளட்டும்.

கடாரங்கொண்டான்: ‘சிவிலைசேஷன் 7’-ல் சோழர் என்றே வைத்திருக்கிறார்களே?

அங்கே விதி வேறு. காலத்துக்குக் காலம் சிவ் மாறும். மௌரியர், சோழர், முகலாயர் என்று அரசமரபுகளாகவே வைக்கலாம். இந்த வீட்டுச் சாவியை அந்த வீட்டுப் பூட்டில் போட்டுத் திருகாதீர்கள்.

யாழ் வாசகி: சிங்களவர் ஏன் இல்லை? அவர்கள் இல்லாமல் சோழர் கதை எப்படி நடக்கும்?

வேறொரு இனத்தின் வேடம் கட்டித்தான் நடக்கும். ஜோன் கதையில் பர்கண்டி 1999-லேயே எதிரி, அதற்குச் சொந்தச் சிவ் கிடைத்தது 2021-ல்தான். உங்கள் கேள்வி என் ‘எதிரி யார்’ சோதனையில் முழு மதிப்பெண் வாங்குகிறது. ஐந்தாம் மகிந்தனைச் சோழர் சிறைபிடித்தார்கள். 12-ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பாண்டிய நாட்டுக்கும் படை அனுப்பினான், கடல் கடந்து பர்மாவுக்கும் அனுப்பினான். எதிரிகள் மூன்று திசையிலும் தயார். அடுத்த தெற்காசிய இணைப்பு வந்தால் என் ஓட்டு அவர்களுக்குத்தான்.

வரைபடப் பிரியன்: ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4’ கேமில் நூற்றுக்கணக்கான நாடுகள் இருக்கின்றனவே?

அங்கே வரைபடம்தான் தேர்வாளர். 1444 நவம்பர் 11 அன்று உலக வரைபடத்தில் யார் இருந்தாரோ அவரெல்லாம் உள்ளே. உங்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை, போய் நிம்மதியாக ஆடுங்கள்.

சேப்பாக்கம் சுந்தரி: ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’-ல் 2025-ல் சேர்த்த சூ, வெய், வூ சீன அரசுகள் பற்றி?

பிடிக்கவில்லை. வெய் அரசு நின்றது 46 வருடம், அதுவும் 3-ஆம் நூற்றாண்டில். இனப்பெயர் விதியும் உடைந்தது, காலவரம்பும் உடைந்தது. கூடவே வந்த ஜூர்ச்சென்களும் கித்தான்களும் சரியான தேர்வு. அந்த மூன்று இடத்தில் திபெத்தியரும் தங்குத்தியரும் வந்திருந்தால் வாய்க்குச் சர்க்கரை போட்டிருப்பேன்.

மலைநாடன்: பழங்குடி மக்களைச் சேர்க்க அனுமதி வேண்டுமா?

சட்டம் எனக்குத் தெரிந்த துறை இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். ‘சிவிலைசேஷன் 5’-க்கு புவெப்லோ மக்களையும் அவர்கள் தலைவர் போப்பேயையும் திட்டமிட்டார்கள். அம்மக்களின் தலைவர்கள் மறுத்ததால் கைவிட்டு ஷோஷோனி மக்களைச் சேர்த்தார்கள். ஆறாம் பாகத்தில் க்ரீ மக்களைச் சேர்த்தபோது அவர்கள் தரப்பிலிருந்தே கண்டனம் வந்தது: நிலம் பிடிக்கும் ஆட்டத்தில், நிலத்தைப் பறிகொடுத்தவர்களை ஆட விடுவதா என்று. ஏழாம் பாகத்தில் ஷாவ்னி மக்களோடு முதலிலேயே உட்கார்ந்து பேசிச் செய்தார்கள். உயிரோடிருக்கும் மக்களைத் தொடுவதாக இருந்தால் இந்த மூன்றாவது வழியில் போங்கள்.

புதுமுகம்: எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

ரிச்சி தெருவில் கேளுங்கள்.

தென்னவன்: பாண்டியர் எங்கே?

மேலே.

கீபோர்டு வீரன்: அண்ணா, நீங்கள் சொன்னபடி எதிரிகளை எழுதினேன். இப்போது பட்டியலில் 31 நாடு.

தம்பி, நாளைக்கு போன் பண்ணு.